ஐந்து மணி பஸ்ஸும் படத்தின் முடிவும்

கனடாவில், வின்னிப்பெக்கில் நான் வேலை செய்கிற பாண் சுடும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், பிரிஜ் கதவில், போன ஒக்டோபர் மாதம் ஒரு கடதாசி ஒட்டினார்கள். படம் பார்த்தவர்கள் ஜன்னல் பக்க மேசையில் உட்கார வேண்டும், பார்க்காதவர்கள் சுவர்ப் பக்க மேசையில் உட்கார வேண்டும், பார்த்தவர்கள் சத்தமாகப் பேசக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. வெளியே முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பிள்ளை குட்டி பெற்ற பெரிய மனிதர்கள் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாகத் தங்கள் மேசை எது என்று பார்த்து நின்றார்கள். எல்லாம் ஒரு சூப்பர்ஹீரோ படத்தின் மூன்றாம் பாகத்துக்காக. அதன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னும் பார்க்காத யாராவது என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

இந்த நாட்டில் ஒரு படத்தின் முடிவை அதைப் பார்க்காதவரிடம் சொல்வது பெரிய குற்றம். ஸ்பாய்லர் என்று அதற்குப் பெயர். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. அடுப்புப் பகுதியில் வேலை செய்கிற டேவ், சனிக்கிழமை மகளோடு ஒரு படத்துக்குப் போகப் போவதாக ஒருநாள் சொன்னார். ஐம்பது தாண்டிய, பெரிய உடம்புக்காரர். யாருக்கும் முதலில் வணக்கம் சொல்கிறவர். நான் அந்தப் படத்தை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். மனிதர் நன்றாகப் பழகுகிறாரே, நம்மால் ஆன உதவியைச் செய்வோம் என்று, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் முடிவை ஒன்றுவிடாமல் சொன்னேன். நன்றி என்றார். பிறகு நான்கு நாள் பேசவில்லை. என் ஆங்கிலம்தான் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஐந்தாம் நாள் இன்னும் தெளிவாக மறுபடியும் சொன்னேன். என்னோடு பொதி கட்டுகிற பிலிப்பைன்ஸ்காரி மரிசெல்தான் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் விசயத்தை விளக்கினாள்.

எங்கள் ஊரில் முடிவைச் சொல்கிறவருக்கு உட்கார இடம் கொடுப்பார்கள். இலங்கையில் மாத்தளை மேல் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டம் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் சனிக்கிழமைகளில் மாத்தளை டவுனில் டியூஷன். காலை வகுப்பு முடிந்ததும் நானும் பக்கத்து லயத்து வீட்டுச் சாந்தியும் இரண்டரை மணிக் காட்சிக்குப் போய்விடுவோம். பின்னேரமும் வகுப்பு இருக்கிறது என்பது வீட்டில் சொன்ன கதை. தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் ஐந்து மணிக்கு. தியேட்டரிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து நிமிட நடை. நாலே முக்காலுக்கு எழும்பியே ஆக வேண்டும். எந்தப் படமும் நாலே முக்காலுக்கு முடிந்தது கிடையாது. வில்லன் துப்பாக்கியை எடுக்கும்போது மேல் தோட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழும்புவோம். டவுன்காரர்கள் பின்னாலிருந்து கத்துவார்கள்.

மீதிப் படம் பஸ்ஸில் நடக்கும். ரத்தோட்டை வரைக்கும் விவாதம், ரத்தோட்டை தாண்டினால் தீர்ப்பு. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள் என்பதால், இறங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். கண்டக்டர் சிங்களவர், எங்களை விட நன்றாகத் தமிழ் பேசுவார், டிக்கெட் கிழித்துக்கொண்டே அவரும் ஒரு முடிவு சொல்வார். கதையில் இருக்கிற ஓட்டைகளை யாரும் சும்மா விட்டதில்லை. மலையைத் தூக்குகிறவன் ஏன் கயிற்றை அவிழ்க்கத் தெரியாமல் கிடக்கிறான் என்று ஒருவர் கேட்பார். தோளில் அவ்வளவு நீளத் துணியைக் கட்டிக்கொண்டு பறக்கிறவன் ஒரு தரம் ரிவர்ஸ்டன் காற்றில் வந்து நிற்கட்டும் பார்ப்போம் என்பார் இன்னொருவர். இன்றைக்கு இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதையெல்லாம் நாங்கள் அந்த வளைவுகளில் தொங்கிக்கொண்டே பேசி முடித்துவிட்டோம்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் தீர்ப்பு பஸ்ஸில் வரவில்லை. அது இந்தச் சூப்பர்ஹீரோவின் முதல் பாகம், தமிழில் பேசவைத்து மாத்தளைக்கு வந்திருந்தது. வேறொரு உலகத்திலிருந்து ஒரு கற்கதவு வழியாக இங்கே வந்து மாட்டிக்கொண்டவன் அவன். அந்தப் பக்கம் அவனுடைய அம்மா காத்திருக்கிறாள். கடைசியில் கதவு திறக்கிறது, திறந்தால் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அந்த இடத்தில் நாலே முக்கால் ஆகிவிட்டது.

அந்த வாரம்தான் அம்மாவின் போன் வந்திருந்தது. அம்மா அப்போது ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை. போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. இந்தத் தடவை வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தவர், அக்ரிமென்டை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிவிட்டதாகச் சொன்னார். பஸ்ஸில் எல்லோரும் கதவைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தேன். மறுநாள் சாந்தி தன் மாமாவின் த்ரீவீலரில் டவுனுக்குப் போய், காலைக் காட்சியில் படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு வந்தாள். நேராக என் வீட்டுக்கு வந்து சொன்னாள்:

"வீட்டுக்குப் போயிட்டான்டி. அவங்கம்மா கதவுகிட்டயே நின்னுக்கிட்டு இருந்தாங்க."

கண்ணால் பார்த்தவள் சொன்ன பிறகு வாதத்துக்கு என்ன இருக்கிறது? முழுத் தோட்டமும் அதை ஏற்றுக்கொண்டது. அம்மாவும் சொன்னபடி இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தார். அந்த முடிவை நான் ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

இனி ஜன்னல் பக்க மேசைக்கு வருவோம், நானும் படத்தைப் பார்த்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் பாகத்தின் முடிவு அங்கே பெரிய கலவரத்தை உண்டாக்கியிருந்தது. கதவு மறுபடியும் திறக்கிறது. அவன் ஒரு காலை வாசலுக்கு அந்தப் பக்கம் வைக்கிறான். திரை இருட்டாகிவிடுகிறது. போனானா, இல்லையா? போகவே மாட்டான் என்றார் டேவ். போகாமல் இருப்பானா என்றாள் மரிசெல். அதைவிட, சாவி இல்லாமல் கதவு எப்படித் திறந்தது என்பதில் ஆளுக்கு ஒரு விளக்கம். படம் எடுத்தவர்களை ஒருவர் திட்டினார். பாணுக்கு வெண்ணெய் பூசுகிற கத்தியால் இன்னொருவர் மேசையில் கதவு வரைந்து காட்டினார். ஐந்து வருடமாக அந்த அறையில் நான் தானுண்டு தன் சாப்பாடுண்டு என்று இருந்தவள். ஆனால் இது என் துறை. ரத்தோட்டைப் பஸ்ஸில் பயிற்சி எடுத்தவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்?

இரண்டாம் பாகத்தை நான் பார்த்ததில்லை. அது எங்கே தொடங்குகிறது என்று கேட்டேன். முதல் பாகம் முடிந்த மறுநாள் காலை, அதே நகரத்தில் என்றார் டேவ். அப்படியானால் சாவியை விடுங்கள், பெரிய ஓட்டை அங்கே இருக்கிறது என்றேன். முதல் பாகத்தின் முடிவில் வீட்டுக்குப் போனவன் மறுநாள் காலையில் இங்கே எப்படி நிற்கிறான்? மேசை அமைதியாகிவிட்டது. என் அறிவைக் கண்டு அசந்துபோனார்கள் என்றுதான் நினைத்தேன். அவன் வீட்டுக்குப் போகவில்லையே என்று டேவ் மெதுவாகச் சொன்னார். போனான் என்றேன். இல்லை என்றார். போனான், அவனுடைய அம்மா கதவடியில் நின்றாள் என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதோடு நிறுத்தாமல், நான் சொல்வது பிழை என்றால் என் டிசம்பர் லீவு உங்களுக்கு என்றேன்.

டிசம்பர் லீவு என்பது எங்கள் இடத்தில் சின்ன விசயம் அல்ல. பண்டிகைக் காலத்தில் ஒரு ஷிப்டில் ஒருவருக்குத்தான் மூன்று வாரம் கிடைக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்போம். ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அது எனக்கு விழுந்திருந்தது. இங்கே படிக்க வந்து, வேலையில் சேர்ந்து, நிரந்தரமாகத் தங்குவதற்கான தாள்கள் வரும்வரை நாட்டை விட்டு வெளியேறப் பயந்து, ஒரு தடவைகூட ஊருக்குப் போகாதவள் நான். அம்மா எனக்காக மிளகாய்த்தூள் இடிக்கத் தொடங்கியிருந்தார். டேவுக்கும் அந்த லீவு வேண்டும். அவருடைய மகள் இதற்குள் கிழக்குக் கரைக்கு, ஹலிபக்ஸுக்குக் குடிபோய்ப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள், டிசம்பரில் நாள் குறித்திருந்தார்கள். ஆனால் அவர் வாய் திறந்து என்னிடம் கேட்டதில்லை.

மரிசெல் போனில் முதல் பாகத்தின் கடைசிக் காட்சியைப் போட்டு மேசை நடுவில் வைத்தாள். கதவு திறந்தது. அந்தப் பக்கம் அம்மா நின்றாள், அது சரி. இந்தப் பக்கம் நகரம் எரிந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு தன் கையாலேயே கதவைச் சாத்தி, சாவியை உடைத்தான். நான் அதை மூன்று தரம் போடச் சொன்னேன். மூன்று தரமும் சாத்தினான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. லீவு போனதற்காக என்று அவர்கள் நினைத்தார்கள், அதுவும்தான். ஆனால் இத்தனை வருடமாக வீட்டில் சுகமாக இருக்கிறான் என்று நான் நினைத்திருந்த ஒருவன் வீட்டுக்குப் போகவே இல்லை என்பதும் இருந்தது. டேவ் அந்தக் காட்சி எனக்கு ஏன் தெரியாது என்று கேட்டார். ஐந்து மணி பஸ்ஸைப் பற்றியும், சாந்தி வந்து சொன்ன முடிவைப் பற்றியும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அப்படியானால் உங்கள் ஊரில் யாருமே எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லையா என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். பரிதாபம் எனக்குப் பிடிக்காது. நீங்கள் ஒரு படத்துக்கு ஒரு முடிவு பார்த்தீர்கள், எங்களுக்கு நாலு இருந்தது என்றேன். மேசை அதையும் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது. கடைசியில் கை தூக்கச் சொன்னபோது, பாதிப்பேர் சாந்தியின் முடிவுதான் நல்லது என்றார்கள். லீவு வேண்டாம், விளையாட்டுக்குச் சொன்னதுதானே என்றார் டேவ். அப்படியில்லை என்றேன். தோட்டத்துக்காரி சொல் மாறினாள் என்று வின்னிப்பெக்கில் யாரும் பேசக் கூடாது. மேலாளரிடம் போய் நானே பெயரை மாற்றி எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சாந்திக்குப் போன் எடுத்தேன். அவள் இப்போது சீகிரியாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்கிறாள். உன்னால் என் லீவு போனது என்று கத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஒங்கம்மா வரலன்னு சாப்பிடாம கெடந்த நீ. ஒன்கிட்ட வந்து, அவன் அம்மா மொகத்துக்கு நேரா கதவச் சாத்திட்டான்னு சொல்லச் சொல்றியா? நா அந்தப் படத்த பாத்துட்டு மாமா த்ரீவீல்ல வாரப்பவே முடிவு பண்ணிட்டேன்."

பதினெட்டு வயதில் அவள் எனக்காக ஒரு படத்தையே மாற்றியிருக்கிறாள், பதினைந்து வருடம் அதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள். அவளிடம் பேசிய பிறகுதான் அம்மாவை அழைக்கத் தைரியம் வந்தது. டிசம்பருக்கு வரமாட்டேன், சித்திரைக்குத்தான் லீவு என்று சொல்லி, காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். அம்மா சிரித்தார்.

"படத்துக்கா லீவக் குடுத்த? நல்லா இருக்கு. நா ஏழு வருசம் லீவே இல்லாம இருந்தவ, நாலு மாசம் எனக்குப் பெரிசா? அந்த மனுசன் பேரப்புள்ளையப் பாத்துட்டு வரட்டும். நீ வருசத்துக்கு வா."

சித்திரையில் போனேன். அம்மாவோடு புது வருடம் கொண்டாடி, அரைக் கிலோ கூடி, கொசுக்கடி வாங்கி, குளிரே இல்லாத காலையில் குளிருகிறது என்று சொல்கிற எல்லோரையும் கேலி செய்தேன். சாந்தி இரண்டு நாள் லீவு போட்டு வந்தாள். மாத்தளையில் பண்டிகை நாட்களுக்காக மூன்றாம் பாகத்தைத் தமிழில் மறுபடியும் போட்டிருந்தார்கள். இரண்டரை மணிக் காட்சி. இந்தத் தடவை யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்குச் சாந்தியின் கணவர் த்ரீவீலரோடு தியேட்டர் வாசலுக்கு வருவதாக ஏற்பாடு. முடிவு வரைக்கும் உட்காருவோம், ஒருதரமாவது உட்காருவோம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

திரையில் கதவுக்கு மேலே வெளிச்சம் வரத் தொடங்கியது. எனக்குப் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. சாந்தி எழும்பி நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எந்திரிடி, பஸ் போயிரும்" என்றாள். அவளைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நானும் நின்றுகொண்டிருந்தேன். வின்னிப்பெக்கில் விளக்குப் போட்ட பிறகும் பெயர்கள் ஓடி முடியும்வரை கதிரையை விட்டு அசையாதவள் நான். இங்கே என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. பின்னாலிருந்து யாரோ மறைக்காதீங்க என்று கத்தினார்கள். சிரித்துக்கொண்டே வெளியே ஓடி, வர வேண்டாம் என்று அவளுடைய கணவருக்குப் போனில் சொல்லிவிட்டு, ஐந்து மணி பஸ்ஸில் ஏறினோம்.

கண்டக்டர் புதியவர், சின்ன வயது. ரத்தோட்டை வரைக்கும் சாந்தி சாவியைப் பற்றியே பேசினாள். சாவியை உடைத்த பிறகு கதவு எப்படித் திறக்கும் என்று அவளும் கேட்டாள். ஜன்னல் பக்க மேசையில் கேட்ட விளக்கங்கள் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் அவள் ஏற்கவில்லை. முன் சீட்டில் மடியில் பிள்ளையோடு இருந்த பெண் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வளைவுகள் தொடங்கின. அடுத்த வியாழக்கிழமை எனக்குத் திரும்பிப் போகிற விமானம். சாந்திக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் அங்க முழுசா பாத்தவளாச்சே. கடைசில வீட்டுக்குப் போனானா, இல்லையா?"

முன் சீட்டுப் பெண்ணும் திரும்பிப் பார்த்தாள். ஒரு கால் உள்ளே, பிறகு இருட்டு, அவ்வளவுதான் நான் பார்த்தது. எங்கள் இறங்குமிடத்துக்கு இன்னும் இரண்டு வளைவுகள் இருந்தன.

"போயிட்டான்," என்றேன். "ஆனா கதவச் சாத்தல."