தெரிந்தே ஓட்டியவர்

சுடர்விழி புதுக்கோட்டை பைபாஸில் ஒரு லாரிப் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். சென்சார் கோளாறு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று சிவசாமியின் டிரைலர் வந்தது. காற்றாலை இறக்கை ஏற்றும் நீளமான வண்டி. முன்பக்கம் திரும்புவதற்கேற்பப் பின்சக்கரங்களும் தாமாகவே திரும்பினால்தான் வளைவுகளைக் கடக்க முடியும். இப்போது எச்சரிக்கை விளக்கு எரிந்து, பின்சக்கரங்கள் நேராகப் பூட்டிக்கொண்டிருந்தன.

ஸ்கேனரை மாட்டினாள். சக்கரங்கள் அசையாமல் நிற்க, திரையில் பின்சக்கரக் கோணம் மட்டும் துள்ளியது. வயரை ஆட்டிப் பார்த்தாள். பிளக்கைத் துடைத்து மாட்டினாள். கரண்ட் சரியாக வருகிறதா என்று அளந்தாள். எல்லாம் ஒழுங்கு. சென்சாரைக் கழற்றியதும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

டிரைவர் ஆண்டியப்பனும் சிவசாமியும் பக்கத்தில்தான் நின்றார்கள்.

"சென்சார் போச்சுண்ணே. புதுசு மாட்டாம எடுக்காதீங்க. நேரா போறப்பவே பின்னாடி திரும்பிரும்" என்றாள்.

"சென்னையிலேருந்து அது வர்ற வரைக்கும் லோடு சும்மா கெடக்குமா? எரரை அழிச்சு விடும்மா" என்றார் சிவசாமி.

அவள் மறுத்தாள். சிவசாமி வேறு ஆளை வைத்து அதே சென்சாரைக் காயவைத்து மாட்டி, எரரை அழித்தார். விளக்கு அணைந்து, பின்சக்கரங்களின் பூட்டும் விட்டது.

"நான் எடுக்கலேன்னா வேற எவனாச்சும் எடுப்பான் தங்கச்சி. அவனுக்குக் கோளாறே தெரியாது. நான் மெதுவா போயிருவேன்" என்று கிளம்பினார் ஆண்டியப்பன்.

நார்த்தாமலைக்குப் பக்கத்தில், நேர்ச்சாலையிலேயே பின்சக்கரங்கள் திரும்பின. டிரைலரின் பின்பகுதி ஒதுங்கி பஸ் ஸ்டாப்பில் மோதியது. கடலை மூட்டையோடு நின்ற அடைக்கலம் என்ற விவசாயி அங்கேயே இறந்தார்.

சுடர்விழி தானாகவே போலீசில் போய் நடந்ததைச் சொன்னாள். சிவசாமி, "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை" என்று சாதித்தார். பட்டறை முதலாளியும் அவர் பக்கம். ஆண்டியப்பன் மட்டும், "எனக்குத் தெரியும், சொன்னுச்சு சார்" என்று ஒப்புக்கொண்டார். அது போதுமாக இருந்தது. கோளாறு தெரிந்தே ஓட்டினார் என்று வழக்கு அவர்மேல் விழுந்தது. சுடர்விழியை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஆண்டியப்பனின் மனைவி மருதாயி வீடு தேடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவரு மேல ஒனக்கு என்னம்மா கோவம்?"

"உண்மையத்தானேக்கா சொன்னேன். ஓனரு மாட்டிக்குவாருன்னு நெனச்சேன்."

"மாட்டுனது யாருன்னு பாத்தியா? அவருக்குத் தெரியும்ங்கிறத மட்டும் முழுங்கியிருந்தா, உள்ள போயிருக்க மாட்டாருல்ல?"

இறந்துபோனவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள் சுடர்விழி. மருதாயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இப்போது ஆலங்குடியில் ஒரு டிராக்டர் பட்டறையில் இருக்கிறாள். டிரைவர்கள், "என்னக்கா கோளாறு?" என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"ஓனரை வரச் சொல்லுங்க" என்கிறாள்.