நான் தைத்த எஞ்சின் பிளாக்

பொம்மனஹள்ளியில் புதர் மண்டிக் கிடந்த மனையில் பட்டறை போட்டவன் நான். கடன் கொடுக்க ஒருத்தரும் இல்லாத காலத்தில் லேத் மெஷின் வாங்கினேன். வீடு கட்டினேன். பெண்கள் இருவரையும் இன்ஜினியர் ஆக்கினேன். நான் படித்தது ஐந்தாவது. இன்றைக்கு இந்த ஊரில் பழைய கார் எஞ்சின் எது கை மாறினாலும், பாகங்களுக்கு மதிப்புப் போட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுக்காரர் அழைத்தார். அவருடைய அப்பா ஓட்டிய சீமைக் கார். பாடி துருப்பிடித்துப் போக, எஞ்சினை மட்டும் பிரித்து வைத்திருந்தார். பழைய கார் சேர்க்கிற ஒருவர் அத்திபெலேயிலிருந்து சாயங்காலம் வருகிறார். நான் மதிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் வாங்குவாராம்.

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன். மணி மாதிரி நின்று ஒலித்தது. விரிசல் இருந்தால் பொத்தென்று அடங்கிவிடும். அடுத்து பிளாக், எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பு. பக்கவாட்டில் பெயின்ட்டைச் சுரண்டியபோது கை நின்றுவிட்டது. வரிசையாக ஆணித் தலைகள். வரிசை முடிகிற இடத்தில் இரண்டு புள்ளி. அப்படிப் புள்ளி குத்துகிற பழக்கம் எனக்கு மட்டும்தான்.

வேறொருவர் பட்டறையில் நான் கூலிக்கு இருந்தபோது செய்த வேலை அது. தண்ணீர் வற்றி, சூட்டில் வெடித்த பிளாக். வெல்டிங் வைத்தால் வார்ப்பிரும்பு இன்னும் பிளக்கும் என்று எல்லோரும் கைவிட்டார்கள். நான் விரிசல் நெடுகத் துளை போட்டு, மரை வெட்டி, ஆணியை ஒட்டி ஆணியாக முறுக்கித் தைத்தேன். பேர் முதலாளிக்குப் போனது.

இன்னும் தாங்குகிறதா? உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி, வெளியே சாக்பீஸ் பொடியைப் பூசினேன். கசிந்தால் பொடி கறுக்கும். காத்திருப்பது எனக்கு ஆகாது. கேட்டுக்கும் ஷெட்டுக்குமாக நடந்தேன். கொடுத்த டீ ஆறிப்போனது.

"என்ன மேஸ்திரி, பிரசவ வார்டு வாசல்ல நடக்கிற மாதிரி நடக்கிறீங்க. சும்னே உக்காருங்களேன்" என்றார் வீட்டுக்காரர்.

"உக்காந்தா பேஜாரா இருக்கு சார்."

பொடி வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"தச்ச பிளாக்குன்னு தெரிஞ்சா ரேட்டு எறங்கிடும் மேஸ்திரி. மேல பெயின்ட் அடிச்சிடலாம்."

"என் வேலை மேலயே பெயின்ட் அடிக்கச் சொல்றீங்களா?"

"வயசான காலத்துல எதுக்கு இந்த வீம்பு?"

"இப்பத்தான் சார் அதுக்கு நேரம் கெடைக்குது."

விலை இறங்கும் என்று அவர் சொன்னது நிஜம். நானும் குறைத்துத்தான் மதிப்புப் போட்டேன். ஆனால் அன்றைக்கு நான் தைக்காமல் விட்டிருந்தால் அது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்; இன்றைக்கு அவருக்கு விற்க எஞ்சினே இருந்திருக்காது. இறங்கின விலையும் நான் கொடுத்ததுதான்.

கேட்டருகே ஹாரன் கேட்டது. என் எழுத்து சுமார், அதனால் பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

"எழுதுங்க சார். பிளாக்கு வெடிச்சது, தச்சது, இன்னிக்கும் கசியல. தச்சது யாருன்னு என் பேரப் போடுங்க, முழுப் பேரு. அப்புறந்தான் கையெழுத்து."