யாகோப்பு அண்ணையும் எதிர்க் கதிரையும்

கடிதத்தைக் கையில் வாங்கியதும் யாகோப்பு அண்ணை அதை உடனே திறக்கமாட்டார். உறையைத் திருப்பி, அனுப்பியவர் யார் என்று பார்ப்பார். பிறகு தேக்கரண்டியின் காம்பை மூலைக்குள் விட்டு ஒரே இழுப்பில் கிழிப்பார். முதல் பக்கத்தை வாசிக்கவும் மாட்டார், நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார். “முதல் பக்கத்தில வணக்கம் சொல்லுவான், கடைசிப் பக்கத்திலதான் கடிப்பான்” என்பார். கடி எவ்வளவு ஆழம் என்று தெரிந்த பிறகுதான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வருவார்.

டோர்ட்மண்ட் நகரின் வடக்குப் பகுதியில், மூன்றாம் மாடியில் இருக்கிறது அவர் வீடு. நான் அதே கட்டடத்தில் நாலாம் மாடி. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை சமையல் நடக்கும் அவருடைய குசினி மேசை எங்களுக்கெல்லாம் கந்தோர், அலுவலகம். மேசைக்கு இரண்டு கதிரைகள். சுவர்ப் பக்கம் உள்ளது அவருடையது, மெத்தை போட்டது. எதிர்க் கதிரை வருகிறவர்களுக்கு. அதற்கு ஒரு கால் கட்டை. மட்டை மடித்து வைத்திருந்தாலும் உட்காரும்போது ஒரு பக்கம் சரியும். காப்புறுதிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், வீட்டுக்காரன் கடிதம் என்று எதைக் கொண்டுவந்தாலும் எல்லாரும் அந்தச் சரிந்த கதிரையில் இருந்து ஒரே வசனத்தைத்தான் சொல்வோம். “ஒரு கடிதம் வந்திருக்கண்ணை. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

மன்னார் பேசாலையில் சாதாரண தரம்வரை படித்தவர். இந்த நாட்டு டொச் மொழியை எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அகதியாக வந்த புதிதில், வேலை செய்ய அனுமதி இல்லாத இரண்டு வருஷமும் முகாமில் இருந்துகொண்டு, மற்றவர்களுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை அகராதி வைத்து வாசித்தே படித்தார். அதனால் ஒரு வேடிக்கை உண்டு. பேக்கரியில் பாண் வாங்கப் போனால் விரலால்தான் காட்டுவார். அவர் பேசுவது அங்கே விற்கும் பெண்களுக்கு விளங்காது. ஆனால் அதே மனிதர் எழுதும் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், அதிகாரிகளே எழுதியதுபோல் இருக்கும்.

எழுதி முடித்ததும் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை போடுவார். தாளை அப்படியே திருப்பி எங்கள் பக்கம் தள்ளி, பேனாவையும் தருவார். ஒருமுறை கடிதத்தோடு வந்திருந்த கலாதேவி கேட்டாள். “என்னண்ணை, சைவக்காறருக்கும் சிலுவையோ?” அவர் சிரிக்காமல் சொன்னார். “கையெழுத்துக்குத்தான் தங்கச்சி. மதம் மாத்திறதெண்டால் அதுக்கு வேற போர்ம் இருக்கு.”

காசு வாங்கமாட்டார். யாராவது வடை கொண்டுவந்தால் “லஞ்சமோ” என்று திருப்பி அனுப்புவார். அவர் கேட்பது ஒன்றுதான்: கடிதம் அனுப்பிய கந்தோருக்குப் போனால் நிரப்பாத போர்ம் இரண்டு கூட எடுத்து வரவேண்டும். மேசை லாச்சி முழுக்க அப்படிச் சேர்ந்த போர்ம்கள்.

மற்ற நாட்களில் அவர் சலவைத் தொழிற்சாலையில் தொழிலாளியாக இருந்தார். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் பெரிய இடம். ஈரத்துணி ஏற்றிய வண்டிகளை இயந்திரத்திலிருந்து இயந்திரத்துக்குத் தள்ளுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷம் தள்ளினார். 2005 ஆவணியில் ஒரு வண்டி நகரவில்லை, அவருடைய முதுகு நகர்ந்துவிட்டது. இரண்டு சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்க ஏலாது, எழுந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நின்றபடியே எங்கள் கடிதங்களை வாசித்தார்.

நோய்க் காசின் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். எனக்கென்று சொல்லவில்லை, இதய நோய் வந்த சிறீதரனுக்குச் சொன்னதை நான் என் முறைக்காகக் காத்திருந்தபோது கேட்டேன். முதல் ஆறு கிழமை, அதாவது ஆறு வாரம், முதலாளி முழுச் சம்பளம் தருவார். அதற்குப் பிறகு காப்புறுதி கொஞ்சம் குறைத்துத் தரும். எல்லாமாக எழுபத்தெட்டுக் கிழமை.

“அதுக்கு மேல ஒரு நாளும் தரான் தம்பி. முடிய முதலே வேலைக் கந்தோருக்குப் போய், வேலையில்லை எண்டு பதி.”

“வேலை இருக்கேக்க எப்பிடியண்ணை வேலையில்லை எண்டு சொல்லுறது?”

“அதுதான் சட்டம். இதில என்ன வெக்கம்? நீ கட்டின காசுதானே.”

சிறீதரன் போய்ப் பதிந்தான். ஒரு நாள்கூட இடைவெளி விழவில்லை.

கடந்த மாரியில் சில விஷயங்களை நான் கவனித்தேன். மேசையில் பால் தேநீர் போய் வெறும் தேநீர் வந்தது. குசினியில் வெப்பமூட்டியை நிறுத்திவிட்டு யாகோப்பு அண்ணை குளிர்ச்சட்டையோடு இருந்தார். அவர் மனைவி கொறற்றி அக்கா பின்னேரம் கந்தோர்கள் துப்புரவாக்கப் போகிறவர்; இப்போது விடியற்காலையிலும் ஓரிடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். மாசிக் கடைசியில் நான் வடை கொண்டுபோனபோது அண்ணை லஞ்சமோ என்று கேட்கவில்லை. பொதியை வாங்கி, விரித்துப் பார்த்து, திரும்ப மடித்து அலுமாரிக்குள் வைத்தார். மகள் லவினியா பல் வைத்தியரிடம் தொழில் பழகுகிறாள், பின்னேரம் பசியோடு வருவாள் என்றார்.

எனக்கு அப்போதே விளங்கியிருக்கவேண்டும். விளங்கியதும்தான். ஆனாலும் கேட்கவில்லை. நான் கேட்க வந்தது என்னுடைய சூடாக்கல் பில்லைப் பற்றி. நாங்கள் எல்லாரும் எங்கள் கடிதங்களை அவரிடம் கொண்டுபோனோம். அவருக்கும் கடிதம் வரும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சிரிக்கத் தெரிந்த எங்களுக்கு, கடிதம் வாசிப்பவர் வீட்டு நிலைமை என்ன என்று யோசிக்க மட்டும் தெரியவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

முகாம் வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு முறைதான் அவர் சொல்லியிருக்கிறார். “செவ்வாயும் வெள்ளியும் லைன். அட்டையைக் காட்டவேணும், கையெழுத்து வைக்கவேணும், ஒரு பெட்டி தருவினம். அரிசி, மா, டின் மீன். ஒருநாள் எனக்கு ரெண்டு பெட்டி தந்திட்டினம். ஒண்டைத் திருப்பிக் குடுக்கப் போனன். அந்த மனிசி நிமிந்தும் பாக்கேல்லை. கையை நீட்டினவன் கூடக் கேக்கிறான் எண்டு நினைச்சு, ‘இல்லை, இல்லை’ எண்டுதான் சொன்னா. முதல் சம்பளம் எடுத்த அண்டு மடு மாதாவுக்கு நேத்தி வைச்சனான், இனி அந்தப் பக்கம் நிக்கமாட்டன் எண்டு.” நேர்த்தி என்றால் மன்னார்க்காரருக்கு விளையாட்டில்லை. வைத்தவர் செத்தாலும் பிள்ளைகள் தீர்ப்பார்கள்.

இந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை. வந்தவர்களில் நான்தான் கடைசி. சூடாக்கல் பில்லில் வீட்டுக்காரன் விட்ட பிழையைக் கண்டுபிடித்து, அவனுக்கு எழுதவேண்டியதை எழுதி, பென்சில் சிலுவையும் போட்டுத் தந்துவிட்டார். நான் கையெழுத்து வைத்து எழுந்து வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது கொறற்றி அக்கா மூன்று உறைகளோடு குசினிக்குள் வந்தார். லவினியாவுக்குச் சாப்பாட்டுப் பெட்டி தேடி, நடையில் கொழுவியிருந்த அண்ணையின் வேலைப் பைக்குள் கையை விட்டிருக்கிறார். ஒன்றரை வருஷமாக வேலைக்குப் போகாத பை அது. பெட்டிக்கு அடியில் கடிதங்கள் இருந்தன. மூன்றும் திறக்கப்படாதவை.

கொறற்றி அக்காவுக்கு டொச் வாசிக்கத் தெரியாது. வீட்டுப் பேப்பர் விஷயம் எல்லாம் அண்ணைதான். காசு வரவில்லையே என்று கேட்டபோதெல்லாம் “பிந்தி வரும்” என்று சொல்லியிருக்கிறார். அக்கா சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போடவில்லை. நான் எழுந்த எதிர்க் கதிரையில் போய் இருந்தார். அதில் அவர் இருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. கதிரை சரிந்தது. உறைகளை மேசையில் வைத்து, அண்ணையின் பக்கம் மெல்லத் தள்ளினார்.

“மூண்டு கடிதம் வந்திருக்கு. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

நான் போயிருக்கவேண்டும். ஒரு சப்பாத்தோடு நின்றுவிட்டேன்.

யாகோப்பு அண்ணை உறைகளைத் தன் பக்கம் இழுத்தார். கீழே லொறி ஒன்று போனது, அலுமாரிக்குள் கிளாசுகள் சிணுங்கின. பிறகு தேக்கரண்டியை எடுத்தார். அனுப்பியவர் யார் என்று பார்த்தார். கிழித்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

“இது காப்புறுதி, மார்கழியில எழுதினது. இந்த ஆளுக்கு மாசி பதினொண்டோட காசு முடியுதாம்.”

“மற்றது?”

“அதையேதான் தையில திருப்பி எழுதியிருக்கினம்.”

“இது?”

“வீட்டுக்காறன். இந்த மாத வாடகை வரேல்லையாம். கணக்கில காசில்லை எண்டு வங்கி திருப்பி அனுப்பிட்டுதாம்.”

“அந்த ஆள் என்ன செய்திருக்கவேணும்?”

“முதலே போய்ப் பதிஞ்சிருக்கவேணும். விட்ட நாள் விட்டதுதான். ஒரு மாதத்துக்கு மேல போயிட்டுது. இனிப் போற நாளில இருந்துதான் தருவினம்.”

“படிச்ச ஆள்தானே. ஏன் போகேல்லையாம்?”

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். “மாதாவுக்குச் சொன்னவராம்.”

கொறற்றி அக்கா கைகளை மடியில் வைத்திருந்தார். விடியற்காலை வேலையின் புளீச் மருந்து அந்தக் கைகளில் தோலை உரித்திருந்தது. “மாதாவோட நான் கதைக்கிறன். நீங்கள் அன்ட்ராக்கை எடுங்கோ. திங்கக்கிழமை காலமை ரெண்டு பேருமாப் போவம்.”

அவர் லாச்சியைத் திறந்தார். தேடத் தேவையிருக்கவில்லை, சிறீதரன் கூடுதலாக எடுத்துவந்த போர்ம் மேலேயே கிடந்தது. பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் மற்றவர்களுக்கு எழுதுவதுபோலவே அச்சு எழுத்தில் எழுதினார். இடையில் ஒருமுறை முதுகு பொறுக்காமல் எழுந்து நின்றார். எவ்வளவு வேலை செய்ய முடியும் என்ற கேள்விக்கு, சிறீதரனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே பதிலை எழுதினார்: வைத்தியர் சொல்லும் அளவுக்கு. வேலை இல்லாமல் போன நாள் என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. திங்கட்கிழமைத் திகதியைப் போட்டார்.

கடைசியில் பென்சிலை எடுத்து, கையெழுத்து வைக்கும் இடத்தில் சின்னச் சிலுவை போட்டார். கை பழகிய வழக்கம். தாளை மேசையின் மற்றப் பக்கத்துக்குத் திருப்பித் தள்ளி, பேனாவையும் அதன் மேல் வைத்தார்.

கொறற்றி அக்கா எழுந்து விலகி நின்றார். யாகோப்பு அண்ணை மேசை விளிம்பைப் பிடித்துப் பிடித்து, சுற்றி வந்து, எதிர்க் கதிரையில் இருந்தார்.