கந்தராசனுக்கு வாங்கிய கள்ளு

என் தங்கை சறோஜினிதேவி எனக்கு ஆறு வயது இளையவள். நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்தில் இறங்கியவன், அவள் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். 1956 ஆவணியில் அவளை மயில்வாகனத்துக்குக் கட்டிக் கொடுத்தோம். அவருக்குப் பதுளையில் பலசரக்குக் கடை. வருடத்தில் ஒருமுறை, கோயில் திருவிழாவுக்கென்று இருவரும் வேலணைக்கு வருவார்கள். வருவது எப்போதும் கொடியிறக்கத்துக்கு மறுநாள். கடையை ஒருவரிடம் ஒப்படைத்து, இரண்டு ரயில் மாறி, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது பந்தல் பிரித்துக்கொண்டிருப்பார்கள். "மாப்பிள்ளை வந்திட்டார், இனிக் கொடியை ஏத்துங்கோ" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

1967 ஆனியில் அவர் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். அங்கேயே எரித்தோம். பிள்ளைகள் இல்லை. சறோ இரண்டு ட்ரங்குப் பெட்டிகளுடனும், ஒரு பால்மா ரின்னில் வைத்த செடியுடனும் ஊருக்கு வந்தாள். பதுளைக் கடையின் பின்புறம் அவர் நட்டிருந்த கந்தராசன் செடியில் பதி வைத்து வேர்விடச் செய்து எடுத்த கிளை அது. வெள்ளைப் பூ, நல்ல வாசம். பூக்கும் காலத்தில் ஒன்றைப் பறித்துச் சாமிப் படத்துக்கு வைத்த பிறகுதான் அவர் கடையைத் திறப்பாராம்.

"இதிலை ஒரு பூ எடுத்து அவரின்ரை திவசத்துக்கு வைக்கவேணும், அண்ணை" என்றாள். "அவரின்ரை கைபட்டது வேறை ஒண்டும் உயிரோடை என்னட்டை இல்லை."

அரைப் பீப்பாவில் மண் நிரப்பிச் செடியை வைத்தோம். மாரி முழுதும் பச்சையாக நின்றது. மழை விட்டு, கிணற்று நீர் ஊற்றத் தொடங்கியதும் இலைகள் மஞ்சளாகின. நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள். 1968 ஆனித் திவசத்தன்று செடியில் பதினொரு இலைகள் நின்றன. நான் எண்ணிக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். மொட்டு இல்லை.

நான் மாட்டெரு போட்டேன். மாறவில்லை. சறோதான் ஒருநாள் தேநீர்க் கேத்திலைக் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே வெள்ளையாகப் படை பிடித்திருந்தது. அதில் தேசிக்காயை ஒரு துளி பிழிந்தாள், நுரைத்துப் பொங்கியது.

"கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு கரைஞ்சிருக்கு. மழைத்தண்ணியிலை அது இல்லை. பதுளையிலையும் இல்லை. தண்ணியைப் புளிப்பாலை முறிச்சுத்தான் இதுக்கு ஊத்தவேணும்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைவுபடுத்தி, செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் ஊறவிட்டு ஒரு போத்தலில் வடித்து வைத்தாள். கிணற்று நீரில் அதை விட்டால் பச்சை நிறம் காட்டும். புளிப்பான நீரில் விட்டால் சிவக்கும். அந்தப் போத்தல் எங்கள் குசினி யன்னலில் பல வருடம் இருந்தது.

புளிப்புக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. ஊருக்கு வந்தபின் பாய் இழைத்துச் சீவிக்கிற சறோ நாளுக்கு எட்டுத் தேசிக்காய் செடிக்குப் பிழிய ஏலாது. கடை வினாகிரி அதைவிட விலை. நான் பழப்புளியைக் கரைக்கப் போனேன். "கறிக்கு வைச்ச புளி அண்ணை, உப்புப் போட்டு அடைச்சது. உப்பு செடியைக் கொண்டுபோடும்" என்று தடுத்தாள். பஸ் திருத்துகிற ஒருவரிடம் பற்றரி அசிற் வாங்கி வந்தேன். ஒரு துளி தெறித்து அவளுடைய வெள்ளைச் சேலையில் விரற்கடை அளவு ஓட்டை விழுந்தது. அந்தப் போத்தலை அப்படியே திருப்பிக் கொடுத்தோம்.

கடைசியில் அவள் சொன்னாள்: "பனங்கள்ளைப் புளிக்கவிட்டால் வினாகிரிதானே. முற்றமெல்லாம் பனை. அதைக் கேளுங்கோ."

எங்கள் வீட்டில் யாரும் கள்ளைத் தொட்டதில்லை. அந்தச் சொல்லை வாயால் சொல்லுவதுமில்லை. கள்ளுக்கொட்டில் பக்கமாகப் போகவேண்டி வந்தால் நான் சுற்றுப் பாதையால் போகிறவன். ஆகவே பனை சீவுகிற நடராசாவை ஒழுங்கையில் மறித்து, "பனையிலை இறக்கினது, பழசு இருந்தால் தாரும்" என்று மட்டும் கேட்டேன். மறுநாள் அவன் ஒரு மண்முட்டி நிறையக் கொண்டுவந்து தந்தான். நான் முகர்ந்து பார்த்தேன், நாற்றம் இருந்தது, புளித்ததுதான் என்று எண்ணினேன். வாயில் வைக்கவில்லை. சறோ அயலூரில் நாகபூசணி அக்கா வீட்டுக் கலியாணத்துக்கு உதவப் போயிருந்தாள். அளவு நான் அறிவேன் என்று நினைத்து, வாளிக்கு ஒரு சிரட்டையாகக் கலந்து ஒன்பது நாள் ஊற்றினேன்.

அவள் திரும்பி வந்தபோது இலைகள் உதிர்ந்துவிட்டன. மூன்று மட்டும் ஒரு கிளையில் நின்றன. அவள் முட்டியை எடுத்து, செவ்வரத்தம்பூத் தண்ணீரில் கொஞ்சம் விட்டாள். பச்சையாக மாறியது. முட்டிக்குள் கையை விட்டு அடியைத் துடைத்தாள். விரல் வெள்ளையாக வந்தது.

"அண்ணை, நடராசாவிட்டை என்னெண்டு கேட்டனீங்கள்?"

சொன்னேன்.

"கள்ளெண்டு சொல்லேல்லையோ?"

"அதை எப்பிடிப் பிள்ளை நான் ஒழுங்கையிலை நிண்டு சொல்லுறது?"

"உங்களைப்போல ஆள் கேட்டால் குடிக்கிற இனிப்புக் கருப்பணியெண்டுதானே அவர் நினைப்பார். கருப்பணி முட்டிக்குப் புளிக்காமல் சுண்ணாம்பு பூசுறவை. நாங்கள் சுண்ணாம்புக்கு மேலை சுண்ணாம்பு ஊத்தியிருக்கிறம்."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று அன்று நினைத்தேன். பீப்பாவில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதுமண் போட்டாள். பிறகு முகம் கழுவி, அந்த ஓட்டை விழுந்த சேலையின் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கள்ளுக்கொட்டிலடிக்குப் போனாள். நான் பின்னால் போனேன். வெளியே நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நடராசா, எனக்குக் கள்ளு வேணும். சுண்ணாம்பு பூசாத முட்டியிலை இறக்கினது."

நடராசா என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஆருக்கம்மா?"

"ஒரு செடிக்கு."

இருந்தவர்களில் தம்பிராசா வாயைத் திறந்தான். "செடி ஆடப்போகுது, கவனம்."

"ஆடினால் உம்மைத்தான் பிடிக்கக் கூப்பிடுவன், தம்பிராசா. உமக்குத்தானே பழக்கம்" என்றாள் சறோ. அவர்கள் சிரித்தார்கள். நடராசா நிறைமுட்டியாகத் தந்து, "பிழை என்னிலைதான் அம்மா, ஐயா விளப்பமாச் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை" என்றான். பிழை என்னுடையது என்று நான் அங்கே சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கள்ளைச் சாடியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டி முப்பது நாள் வைத்தாள். கண் எரிகிற புளிப்பு வந்தது. வாளி நீரில் கரண்டி கரண்டியாக விட்டு, ஒவ்வொரு முறையும் செவ்வரத்தம்பூத் தண்ணீரால் பார்த்தாள். பச்சை போய் மெல்லிய சிவப்புத் தொடங்கும் இடம் நாலு கரண்டி. ஐந்தாவது விட்டால் கூடிவிடும். கிணறு வற்றும் காலத்தில் ஐந்து. இதெல்லாம் கொப்பியில் இருக்கிறது. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோழகக் காற்றுக்குத் தென்னோலைக் கிடுகால் மறைப்பும் கட்டினேன்.

மூன்று இலை நின்ற கிளை பிழைத்தது. மாரியில் துளிர்த்தது. இரண்டாம் திவசமும் பூவில்லாமல் போக, 1970 வைகாசியில் ஒரு மொட்டு வந்தது. ஒரே ஒரு மொட்டு. சறோ அதைத் தொடாமல் தினமும் பார்த்தாள். ஆனித் திவசத்தன்று அது பச்சையாகச் சுருண்டபடியே நின்றது. ஐயர் வந்து போனார். படையல் முடிந்தது. படத்துக்கு வேறு பூத்தான் வைத்தோம். அவள் சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் காலை நான் தோட்டத்துக்குப் போக எழும்பியபோது வாசம் வந்தது. பூ விரிந்திருந்தது. சறோ முழுகிவிட்டு வந்து, பறித்து, மயில்வாகனத்தின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"நாள் பிந்திப்போச்சே, பிள்ளை" என்றேன். என்னால்தான் பிந்தியது என்ற எண்ணம் எனக்கு.

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர் எந்தத் திருவிழாவுக்கு அண்ணை நாளுக்கு வந்தவர்?"