சவுக்குத் தோப்பில் ஒரு சிவப்புப் புள்ளி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். அதன்பிறகு ஹேமலதா அந்த வேலைக்கே போகவில்லை.

லாஸ்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். மழைக்காலத்துக்காக அவள் ஒரு வரைபடம் செய்திருந்தாள். சமூக வலைத்தளத்தில் யாராவது 'தண்ணி', 'வெள்ளம்' என்று எழுதி, இருக்கும் இடத்தையும் சேர்த்துப் போட்டால் போதும். சில நொடிகளில் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி விழும். அதைப் பார்த்து மீட்பு ஆட்கள் போவார்கள். அன்று காலையிலிருந்து விடாத மழை. ஊர் முழுக்கப் புள்ளிகள்.

பிற்பகல் 3:42. பிள்ளைச்சாவடிப் பக்கம், வீடே இல்லாத இடத்தில் ஒரு புள்ளி. போட்டவர் பெயர் செம்மல்.

"தண்ணி ஏறுது. யாராவது வாங்க."

பக்கத்து மேசை ஜானகிராமன் எட்டிப் பார்த்தார். "அது சவுக்குத் தோப்புமா. இடம் தப்பா விழுந்திருக்கும்."

3:49. அதே இடம். "இடுப்பு வரைக்கும் வந்துடுச்சி."

மீட்புக் குழுவுக்குப் போன் செய்தாள். வழியில் மரம் விழுந்து கிடக்கிறதாம். வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.

3:56. "மாரு வரைக்கும்..."

ஹேமலதா ஸ்கூட்டியை எடுத்தாள்.

4:27க்குத் தோப்புக்குள் நின்றாள். ஈர மணல். தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை.

"செம்மல்! எங்க இருக்கீங்க?"

மழைச் சத்தம் மட்டும்.

கையில் போன் அதிர்ந்தது. செம்மலின் அடுத்த பதிவு.

"மஞ்ச கோட்டு போட்டவங்க வந்திருக்காங்க. கூப்புடறேன். காதுல விழல."

அவள் போட்டிருந்தது மஞ்சள் மழைக்கோட்டு.

சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை...

4:33. "ஒங்க காலுக்குக் கீழதான்."

மண்டியிட்டாள். கையால் தோண்டினாள். ஒரு முழம் ஆழத்தில் தகரம். அசைக்க முடியவில்லை.

அடியிலிருந்து... டொக். டொக்.

"இருங்கண்ணா! தோ, ஆளு வந்துடும்!"

டொக்...

4:38. புள்ளி மறைந்தது.

5:20க்கு ஆட்கள் வந்து தகரத்தைப் பெயர்த்தார்கள். பாழடைந்த கிணறு. மதியம் ஆடு தேடிப் போன செம்மல், தகரத்தின் ஓரம் உடைந்து உள்ளே விழுந்திருக்கிறார். சரிந்த மணல் கிணற்று வாயை மறுபடி மூடிவிட்டது.

உள்ளே இறங்கியவர் சொன்னார். "ஒடம்புல சூடு இன்னும் ஆறல சார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..."

மூன்று நாள் கழித்து, ஹேமலதா செம்மலின் மனைவி மேனகாவைப் போய்ப் பார்த்தாள். அவர் கடைசியாக எழுதியவற்றைக் காட்டினாள்.

மேனகா தேதியையும் நேரத்தையும் பார்த்தாள்.

"எப்படிங்க? அவரு போனை போன வாரமே ரிப்பேருக்குக் குடுத்தாச்சே. வேற போன் அவர்கிட்ட கெடையாது."

இருவரும் கடைக்குப் போனார்கள். போன் பிரித்த மேனிக்குக் கிடந்தது. பேட்டரி தனியாக.

சிம் கார்டு, கடையில் கொடுத்த அன்றிலிருந்து, மேனகாவின் பர்ஸுக்குள் இருந்தது.