இரண்டு லே

பனியனின் முதுகில் எண் துணியைப் பிடித்திருந்த ஊக்குகளில் ஒன்று திறந்துகொண்டு, ஒவ்வொரு எட்டுக்கும் தோளுக்குக் கீழே குத்திக்கொண்டே வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழற்றிவிடலாம்தான். ஆனால் கையைப் பின்னால் நீட்ட அன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. சத்துவாச்சாரி மைதானத்தை விட்டு வெளியே வந்து, வேலூரைத் தாண்டி, நாலு வழிச் சாலைக்காகப் புளிய மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த நெடுஞ்சாலையின் ஓரமாக எங்கள் ஊரான ஆம்பூர்ப் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. அது பள்ளி வேனிலேயே தங்கிவிட்டது. ஒரு டீக்கடை பெஞ்சில் இருந்தவர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ரேஸ் இன்னும் முடியலியா?" என்று கேட்டார். பெஞ்சு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு நடந்தேன். ரேஸ் முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களைவிட்டு இப்படி நடந்திருக்கிறேன். ஓசூர், திருப்பூர், நெல்லூர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். முதல் நடை அதுதான் என்பதால் அதன் வெயிலும் தாரும் இன்னும் காலில் இருக்கின்றன.

அப்போது எனக்குப் பதினாறு வயது. ஒன்பதாம் வகுப்பை இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா லாரியோடு வடக்கே போனவர். லாரி மட்டும் திரும்பி வந்தது. அம்மா ஷூ கம்பெனியில் அடிப்பாகத்துக்குப் பசை தடவும் வேலையில் இருந்தாள். என் படிப்பைப் பற்றி அவளுக்குப் பெரிய எண்ணம் எதுவும் கிடையாது, எனக்கும்தான். ஆனால் நான் ஓடுவேன். எங்கள் பள்ளியில் நூறு மீட்டரில் என்னை முந்த ஆள் இல்லாமல் இரண்டு வருடம் ஓடியிருக்கிறேன்.

அந்த வருடம்தான் முத்து வந்து சேர்ந்தான். எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் அவனுக்கு மாமா. மாமாவைப் போலவே மருமகனையும் வந்த முதல் நாளே "அண்ணாச்சி" ஆக்கிவிட்டோம். ஒல்லியான உடம்பு, வாய் ஓயாத பேச்சு; எந்தப் பேச்சும் "லே"யில்தான் முடியும். "வாலே", "போலே", "என்னலே முறைக்க?" முதல் வாரமே நூறு மீட்டரில் என்னைப் பின்னால் விட்டுவிட்டுப் போனான். தோற்றதைவிட, ஓடி முடித்துத் திரும்பி என்னைப் பார்த்து, "நல்லாத்தான் ஓடுத, பொறவு ஏன்லே பிந்துத?" என்று அக்கறையாக விசாரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால் கணக்கு சார்தான் எங்களைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு ஓடத் தெரியாது, ஆனால் கூட்டத் தெரியும். நூறுக்கு முத்து, இருநூறுக்கு ஷபீக் என்று முடிவானதும் என்னைக் கூப்பிட்டு, "நீ நானூறு ஓடுடா, அதுக்கு நம்மகிட்ட ஆளே இல்ல" என்றார். நூறு மீட்டர்க்காரனுக்கு நானூறு என்பது நாலு நூறு அல்ல. முந்நூறு வரைக்கும் ஓடுவது நாம். அதற்குப் பிறகு தொடை இரண்டும் நனைந்த மூட்டையாகி, நாம் அவற்றைச் சுமந்துகொண்டு போக வேண்டும். ஒரு மாதம் ஓடினேன். வாந்தி எடுப்பது மட்டும் குறைந்தது.

எனக்கு மிஞ்சியிருந்தது ரிலேதான். வேலூரில் நடக்கும் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் கிடைக்கும் சான்றிதழை வைத்து விளையாட்டு விடுதிக்கு விண்ணப்பம் போடலாம், மூன்று வேளைச் சாப்பாட்டோடு படிப்பு என்று சார் சொல்லியிருந்தார். அம்மாவிடம் சொன்னேன். அவள் கை விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே, "ஹாஸ்டல் கெடச்சா படி. கெடைக்கலன்னா மறுநாளே எதுனா வேலைக்குப் போவணும். சும்மா வூட்ல குந்திக்கினு இருக்கக் கூடாது" என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. இருப்பதைச் சொன்னாள்.

ரிலேக்கு ஆள் எடுப்பதிலும் சார் கூட்டல்தான் போட்டார். நூறு மீட்டரில் முதல் நாலு பேரின் நேரத்தைப் பலகையில் எழுதினார்: முத்து, ஷபீக், டேவிட், சுரேஷ். நான் ஐந்தாவது. நானூறு ஓடி ஓடி என் கால் நூறை மறந்திருந்தது.

ஆனால் நாலு பேர் வேகமாக ஓடுவது ரிலே ஆகாது. கட்டை கைமாற வேண்டும். நாங்கள் கட்டை என்று சொன்னது பிளாஸ்டிக் குழாயில் அறுத்த ஒரு துண்டு. வாங்குகிறவன் திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். பின்னால் வருகிறவன் குரல் கொடுத்ததும் கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். அந்தக் குரலை எங்களுக்கு வைத்தது ஷபீக். அவர்கள் வீட்டில் உருது. அதில் "லே" என்றால் "எடுத்துக்கோ". ஓரெழுத்து, மூச்சு வாங்கும்போதும் வாயில் வரும். இரண்டு வருடமாக எங்கள் எல்லார் கைக்கும் அந்தச் சொல் பழகியிருந்தது.

இப்போது அண்ணாச்சி உள்ளே வந்துவிட்டான். கட்டையோடு பாய்ந்து வருவான், எதிரே நிற்கிறவன் கிளம்பத் தாமதித்தால் "ஓடுலே!" என்பான். நிற்கிறவன் காதில் கடைசி எழுத்துதான் விழும். ஓடாமல் கையை நீட்டுவான். இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள். சார் முத்துவைக் கடைசியில் நிறுத்திப் பார்த்தார், யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லையே என்று. ஷபீக் ஓடிவந்து "லே" என்றான். முத்து நின்று, திரும்பி, "என்னலே?" என்றான்.

சொல்லையே மாற்றிப் பார்த்தோம். "இந்தா" என்று வைத்தார் சார். நிற்கும்போது எல்லாரும் "இந்தா" என்றார்கள். ஓடும்போது ஒருவர் வாயிலும் அது வரவில்லை. ஷபீக் தலையில் கை வைத்துக்கொண்டு, "பேஜார்டா இவனோட" என்றான். முத்து அசரவில்லை. "ரிலேன்னாலே அதுல ஒரு லே இருக்குல்லா, அதுக்கு நான் என்ன செய்ய?" என்றான். கணக்கு சார்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நான் ஓரமாக உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் முத்துவோடு வீட்டுக்கு நடக்கிறவன் நான் ஒருவன்தான்; அவன் பேச்சு எனக்குப் பழகிவிட்டது. மற்றவர்கள் அவன் சொல்லின் வாலைக் கேட்டார்கள், எனக்குத் தலை கேட்டது. "ஓடுலே" என்றால் ஓடு, "பிடிலே" என்றால் கையை நீட்டு, அவ்வளவுதான். மூன்று நாள் பொறுத்துவிட்டு எழுந்து சாரிடம் சொன்னேன்: "சார், அண்ணாச்சிக்கும் ஷபீக்குக்கும் நடுவுல என்னை நிக்க வைங்க. அவன்கிட்ட வாங்கவும் எனக்குத் தெரியும், இவன்கிட்ட குடுக்கவும் தெரியும்."

சார் நம்பவில்லை, ஆனால் கடிகாரத்தை நம்புகிறவர். டேவிட், முத்து, நான், ஷபீக் என்று ஓடவிட்டார். டேவிட்டின் "லே"க்குத் திரும்பாமல் கை நீட்ட முத்துவை வீட்டுக்கு நடக்கும் வழியில் நானே பழக்கியிருந்தேன். சுரேஷைவிட மெதுவாக ஓடும் என்னை வைத்துக்கொண்டு, சுரேஷை வைத்து ஓடியதைவிடச் சீக்கிரம் முடித்தோம். சார் கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு பலகையில் சுரேஷின் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதினார். சுரேஷ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் பக்கம் நியாயம் இருந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. காலையில் முத்து நூறில் முதலாவதாக வந்தான், ஷபீக் இருநூறில் இரண்டாவது. அவர்கள் சான்றிதழ் கையில் வந்துவிட்டது. டேவிட்டுக்கு விடுதி எண்ணமே கிடையாது. நான் நானூறில் ஐந்தாவதாக வந்து, புல்லில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தேன். ரிலேயின் முதல் சுற்றில் தேறிவிட்டோம். மதியத்துக்கு முன்பு இறுதிச் சுற்று. என்னைத் தவிர யாருக்கும் அதில் இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது நாலு பேருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிளம்பும் முன் முத்து மட்டும், "ஒனக்குத்தாம்லே இன்னிக்கு ஓடுதோம்" என்றான்.

அப்படித்தான் ஓடினார்கள். டேவிட் மூன்றாவதாக வந்து கொடுத்ததை முத்து முதலாவதாகக் கொண்டுவந்தான். "ஓடுலே" என்றான், ஓடினேன். "பிடிலே" என்றான், கை நீட்டினேன். கட்டை உள்ளங்கையில் சத்தத்தோடு வந்து உட்கார்ந்தது. வளைவில் பாதிவரை எனக்கு முன்னால் ஆள் இல்லை. பிறகு காலையில் ஓடிய நானூறு தொடையில் ஏறியது. ஒருவன் பக்கத்தில் வந்துவிட்டான். ஷபீக் நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அடையாளத்துக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை நான் தாண்டியதும் அவன் கிளம்பியிருக்க வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டேன், அவன் இன்னும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. கத்தினேன்.

"ஓடுலே!"

என் வாயிலிருந்துதான் வந்தது. இரண்டு மாதமாகக் கூடவே நடந்தவனின் பேச்சு. ஷபீக் காதில் "லே" விழுந்தது. அண்ணாச்சி சொல்லியிருந்தால் ஒரு கணம் யோசித்திருப்பான். சொன்னது நான் என்பதால் யோசிக்காமல் திரும்பி, நின்ற இடத்திலேயே கையைப் பின்னால் நீட்டினான். நான் வந்த வேகத்தில் அந்தக் கையின்மேல் போய் மோதினேன். கட்டை தெறித்து விழுந்து உருண்டது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன், அவனும் ஓடினான். ஆறாவது.

முத்து மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றான். திட்டவில்லை. "எம் பேச்சு ஒனக்கு எப்பிடிலே வந்துது?" என்று மட்டும் கேட்டான். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதற்குள் சார் வந்து, என்ன ஆச்சு என்றார். நான் வாயைத் திறக்கும் முன் ஷபீக் முந்திக்கொண்டான். "நான்தான் சார், சீக்கிரமே கை நீட்டிட்டேன். அவன் மேல தப்பு இல்ல."

நான் மறுத்திருக்க வேண்டும். சார் ஷபீக்கைத் திட்டத் தொடங்கினார். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றான். அதைப் பார்த்துக்கொண்டு அதே வேனில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குப் போக என்னால் முடியாது என்று தோன்றியது. தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல வாசலுக்குப் போனேன். அப்படியே நடந்துவிட்டேன்.

ஷபீக் இப்போது அதே சத்துவாச்சாரியில் மனை வாங்கி வீடு கட்டி, அரசு வேலையில் இருக்கிறான். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். "அன்னிக்குக் கத்துனது நான்தான்டா" என்றேன். "தெரியும்" என்றான். "ஆனா நான் கோட்டுலயே கெளம்பியிருக்கணும். உன் மூஞ்சப் பாத்தேன், வுழுந்துடுவ போல இருந்துச்சி. கெளம்பிட்டா உனக்கு எட்டாதேன்னு நின்னேன், தோஸ்த்." இருவரும் டீயை முடித்துவிட்டு மைதானத்தை ஒரு சுற்று நடந்தோம். ரிலே பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் கட்டையைக் கொடுக்கும்போது "ஸ்டிக், ஸ்டிக்" என்றார்கள். முத்து சென்னையில் ரயில்வேயில் இருக்கிறான். தொலைபேசியில் பேசினால் பட்டணத்துப் பேச்சுத்தான் வருகிறது; அவனுடைய லே அவனைவிட்டுப் போய்விட்டது. என் வாயில் மட்டும் இருக்கிறது. கோபத்தில் எப்போதாவது வந்துவிடும். கேட்கிறவர்கள், "உங்களுக்குத் திருநெல்வேலியா?" என்கிறார்கள்.

அன்று நடந்தே பொய்கை என்ற ஊரைத் தாண்டும்போது வெயில் இறங்கியிருந்தது. சென்னையிலிருந்து பதனிட உப்பிட்ட தோல் ஏற்றிவந்த லாரி ஒன்று ஓரமாக நின்றது. டிரைவர் என் எண்ணையும் காலையும் பார்த்தார். எங்கே போகணும் என்றுகூடக் கேட்கவில்லை. "ஏறு" என்றார். வழியில், காலையில் ஆம்பூர் தோல் மண்டியில் சரக்கு இறக்க நாலு பேர் வேண்டும், ஒரு ஆள் கம்மி என்றார். வருகிறேன் என்றேன். வீட்டில் அம்மா என் முதுகிலிருந்த எண் துணியைக் கழற்றி, நாலு ஊக்குகளையும் எண்ணிப் பார்த்துத் தன் தாலிச் சரட்டில் மாட்டிக்கொண்டாள். "சாப்டு" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மண்டியில் நாலு பேர் வரிசையாக நின்றோம். லாரிமேல் ஒருவர், கீழே மூன்று பேர், வரிசையில் நான் மூன்றாவது. உப்பும் ஈரமுமாக மடித்த தோல், கனம், வழுக்கும். எனக்கு முன்னால் நின்ற பெரியவரை எல்லாரும் பாஷா பாய் என்றார்கள். முதல் தோலை என் பக்கம் நீட்டி, "லே" என்றார். என் கை போகவில்லை. "இன்னாப்பா, காது கேக்கலியா? லேன்னா வாங்கணும்" என்றார். வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் ஆந்திராவில் குப்பம் பக்கத்து ஆள், தெலுங்கு மட்டும் தெரிந்தவர். அவருக்கு எந்தச் சொல்லைச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முழுவதுமாகத் திரும்பி நின்று, தோலை அவர் இரண்டு கையிலும் வைத்து, அவர் பிடித்துவிட்டார் என்று பார்த்த பிறகுதான் விட்டேன்.