ஏரிக்கரை உடைந்ததற்குக் காரணம்

நெய்வேலியில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த நான்காவது வருடம் அந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்தது. "பாடநூலில் உள்ள நாடகத்தின் தலைவன் துன்பியல் தலைவனே என நிறுவுக." அறையிலேயே எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்பு; நான்கு பக்கம், முப்பது மதிப்பெண், இதில் தேறாவிட்டால் தாளும் தேறாது. தொலைதூரக் கல்வியில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். மற்ற தாள்களை எப்படியோ தாண்டிவிட்டேன். நாடகத் தாள் மட்டும் இரண்டு முறை போயிருந்தது. மூன்றாவது முறையும் போனால் பதிவு காலாவதியாகிவிடும், மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இன்னொரு முறை தொடங்க மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

பத்தாவது பாதியில் ஊரை விட்டு ஓடியவன் நான். திருப்பூர், கோழிக்கோடு, சூரத், ஓசூர் என்று இருபது வருடம் சுற்றினேன். ஓரிடத்தில் ஒரு வருடம் தங்கினால் கால் அரிக்கும். பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் நடுவில் தனித்தேர்வராக எழுதி முடித்தேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாதியில் விட்டவை நிறைய இருந்தன, ஒன்றையாவது முடிப்போம் என்று தோன்றியிருக்கலாம்.

நாடகக் கதை சிறியது. வறண்ட சீமையின் சிற்றரசன் ஒருவன் ஏரி வெட்டுகிறான். பல வருடம் கழித்துக் கரையில் ஓரிடத்தில் நீர் கசிகிறது. காவல்காரன், அமைச்சன், சொந்த மகன் என மூன்று பேர் எச்சரிக்கிறார்கள். "நான் கட்டிய கரை உடையாது" என்கிறான். மழையில் கரை உடைகிறது. உடைப்பை அடைக்கப் போன மகன் வெள்ளத்தோடு போகிறான். அரசன் கூடையில் மண் சுமந்து வந்து அதே உடைப்பில் கொட்டிக்கொண்டே சாகிறான்.

எனக்குக் கட்டுரை எழுதத் தெரியாது. ஆனால் ஒரு கெட்ட காரியம் எப்படி நடந்தது என்று வரிசையாக எழுதத் தெரியும். வேலைக்கு எடுக்கும்போதே எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு உண்டு. எந்த விபத்தும் தானாக நடப்பதில்லை, ஒன்று ஆளின் செயலில் தவறு இருக்கும், இல்லாவிட்டால் இடத்தின் நிலைமையில் தவறு இருக்கும் என்று படம் போட்டுச் சொல்லித் தருவார்கள். எனக்கு அது பிடித்த வகுப்பு. அங்கே காட்டிய விபத்து அறிக்கையின் அச்சிலேயே கட்டுரைக்குத் திட்டம் போட்டேன். நடந்த இடம், நேரம், நடந்தது என்ன, முன்னெச்சரிக்கைகள், காரணம், இழப்பு, இனி நடக்காமலிருக்கப் பரிந்துரைகள். முதல் ஷிப்ட் முடித்து வந்து மூன்று மதியங்களில் எழுதி முடித்தேன்.

மந்தாரக்குப்பத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் கம்மாபுரம் பக்கத்துப் பையன். என்னோடு அதே கான்ட்ராக்டில் வேலை செய்தான். அவனுக்குப் படித்துக் காட்டினேன். லுங்கியை மடித்துக்கொண்டு கடைசி வரை பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ ராஜாவுக்கு மெமோ குடுத்துட்டாங்களா?"

"டேய், அவன் செத்துட்டான்."

"செத்தா இன்னாண்ணா? தப்பு அவன்மேலன்னு நீயே எழுதிகினு இருக்க. மண்ணு தூக்கும்போது ஹெல்மெட்டு போட்டுகினு இருந்தானா, அதையும் எழுதிடு."

ஞாயிற்றுக்கிழமை டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூட அறையில் எங்களுக்கு வகுப்பு நடக்கும். பாடம் எடுத்தவர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், வாரநாட்களில் வேறொரு பள்ளியில் ஆசிரியை. தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அவர் சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

"பரிந்துரைகள்னு ஆறு பாயிண்ட் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க மேடம். மழைக்கு முன்னாடி கரையைச் சோதிக்கணும், காவலுக்கு ரெண்டு ஆள் போடணும்..."

"கதை முடிஞ்சு போச்சேங்க. யாருக்குச் சொல்றீங்க?"

நான் அந்த ஆறு பாயிண்டையும் மறுபடி பார்த்தேன்.

"அவன் மண் சுமக்கிற இடத்தைப் படிச்சப்ப உங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

"தப்பு அவன் மேலதானேங்க மேடம். மூணு பேர் சொன்னாங்க, கேக்கல."

"கேக்கல. சரி. முதல் அங்கத்துல ஏரி வெட்டாதேன்னு எத்தனை பேர் சொன்னாங்க? அவன் கேக்கிற ஆளா இருந்திருந்தா அந்த ஊருக்குத் தண்ணி வந்திருக்குமா?" தாளை என் பக்கம் தள்ளினார். "இப்படியே அனுப்பினா பாஸ் போட மாட்டாங்க. அடுத்த ஞாயிறுதான் கடைசி. அதுக்குமேல என் கையில இல்லீங்க."

அந்த வாரம் வார விடுமுறையன்று முதல் அங்கத்தை மறுபடி படித்தேன். ஊரே சொல்கிறது: இந்த மண்ணில் தண்ணீர் நிற்காது. குருக்கள் சொல்கிறார், கிழவர்கள் சொல்கிறார்கள், மனைவி அழுகிறாள். அவன் ஒருவர் சொல்லையும் கேட்கவில்லை. தண்ணீர் நின்றது. நான் இரண்டு முறை பரீட்சைக்குப் படித்தபோதும் அந்த அங்கத்தை முன்கதை என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

என் இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. இருபத்திரண்டு வயதில் ஒரு மர அறுவை மில்லில் போயின. ரம்பத்துக்கு முன்னால் இருந்த தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு அறுத்தேன், தடுப்பு இருந்தால் வேகம் வராது. கழற்றச் சொன்னவர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு மில் கணக்கப்பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்தார். 'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. வலது கை நன்றாக இருந்ததால் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லை. யார் கேட்டாலும் பதினாறு வருடமாக அதையே சொல்லிவந்தேன்.

ஆனால் அந்த மில்லில் என்னை வேலைக்கு வைத்ததே என் கைவேகத்தைப் பார்த்துத்தான். எனக்கு முன்னால் நின்ற நான்கு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வேகத்தை வைத்துத்தான் அம்மாவுக்கு மருந்து வாங்கினேன். மெதுவாக அறுக்கும் ஆளாக இருந்திருந்தால் விரல் இருந்திருக்கும், வேலை இருந்திருக்காது. அந்தத் தாளில் இதை எழுத இடம் கிடையாது. கணக்கப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. நான் எழுதியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். எழுதியும் விட்டேனே, அரசனுக்கு.

பழைய நான்கு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இந்த முறை திட்டம் எதுவும் போடவில்லை. ஏரி வெட்டிய பிடிவாதத்தை முதலில் எழுதினேன். பிறகு கசிவைப் பார்க்க மறுத்த பிடிவாதத்தை எழுதினேன். இரண்டும் ஒன்றுதான், ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் போய்விடும், அதனால்தான் அவன்மீது கோபமும் இரக்கமும் சேர்ந்தே வருகின்றன என்று எழுதினேன். அவன் மண் சுமக்கும் இடத்துக்கு வந்தபோது கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. கடைசியில், இது அரசர்களுக்கு மட்டும் நடப்பதல்ல என்று சொல்லி, மர மில் ஆள் ஒருவனைப் பற்றி ஐந்தாறு வரி சேர்த்தேன். நான் என்று எழுதவில்லை.

"இன்னாண்ணா, பரிந்துரையக் காணோம்?" என்றான் அறைப் பையன்.

"பரிந்துரை இல்ல."

"அப்போ இன்னொரு கரை ஒடஞ்சா?"

"ஒடையும்டா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மேடம் நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா திருத்துறவங்க பாடத்துக்கு வெளியே போயிட்டீங்கன்னு மார்க் குறைப்பாங்க. எடுத்துடலாமா?"

கட்டுரை தேற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு எண்ணம் இல்லை. அவருடைய பேனாவை வாங்கி அந்தப் பத்தியை நானே அடித்தேன். அடித்த பிறகும் கட்டுரை குறையாமல்தான் நின்றது. அரசனைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் மேலேயே இருந்தது.

கட்டுரைக்குப் பத்தொன்பது மதிப்பெண் வந்தது, பரீட்சையோடு சேர்த்துத் தாளும் தேறியது. அடித்த பத்தியில் இருந்ததைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.